மூன்றாவது வியாழக்கிழமை

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மார்த்தாண்டம் போகிற காலை பஸ்ஸில் மூத்தாசாரி எப்போதும் இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவார். வடக்கே போகிற வண்டி. வெயில் வலப்பக்கமாக விழும். இடது கன்னத்தில் வெயில் படக்கூடாது என்று கதிர்வீச்சுப் பிரிவு நர்ஸ் சொல்லியிருக்கிறார். பத்து நாள் கதிர் பட்ட அந்தக் கன்னம் லேசாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது. வலது கன்னத்தைவிட ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மேடாகவும் இருந்தது. மடியில் மஞ்சள் துணிப்பை, அதற்குள் ஃபைல், ஃபைலுக்குள் சி.டி. ஸ்கேன் படங்கள். பக்கத்தில் அவர் மனைவி, கஞ்சி ஃபிளாஸ்க்கோடு.

பெயர் எழுத வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம் என்று டாக்டர்கள் கேட்டுக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு வாரம் கூடவே சுற்ற அனுமதி கிடைத்தது. ஊரில் எல்லோரும் அவரை மூத்தாசாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முந்தின நாள் ஞாயிறு. அவருடைய பட்டறைக்குப் போயிருந்தேன். குழித்துறை ஆறு என்று இங்கே சொல்கிற தாமிரபரணி கடலில் விழும் இடம் நடந்து போகிற தூரம். திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது மேற்கே பாய்வது. ஆற்றுக்கு அக்கரையில் இரையுமன்துறை. இக்கரையில் மீன்பிடித் துறைமுகம். அதன் வாயில் மணல் மேடிட்டு, அலையில் வள்ளம் கவிழ்ந்து ஆட்கள் போன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோப்பில் முகமது மீரான் பிறந்த ஊர் என்று இலக்கியக்காரர்கள் தேடி வருவார்கள். மூத்தாசாரிக்கு இது அயனித் தடியும் பலாத் தடியும் வந்திறங்கின ஊர். அப்பா காலத்தில் வள்ளம் கட்டினார்கள். ஃபைபர் வந்த பிறகு வாசக்கால், கட்டில், ஜன்னல். நாற்பது வருடம் மரத்தூளைச் சுவாசித்த மூக்கு அவருடையது.

"எனக்க மூக்குல எடது பக்கம் அடைச்சுது சாரே. ஜலதோசம்ணு நெனச்சேன். ஆருதான் நெனைக்கமாட்டா?"

ஆறு மாதம் அப்படியே போயிருக்கிறது. ஆவி பிடித்தார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார். பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் சைனஸ் என்று சொல்லி மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மாத்திரை தின்னும்போது கொஞ்சம் குறையும், விட்டால் திரும்பும். பிறகு மேல் வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கியாயிற்று. பல் போன குழி மூடவில்லை. குழியிலிருந்து சதை வளர்ந்து வந்தது. கைக்குட்டையில் ரத்தக் கறை, அதுவும் ஒரே பக்கத்து மூக்கிலிருந்து. கன்னத்தைத் தொட்டால் மரத்துப் போனது மாதிரி இருந்தது. கடைசியில் இடது கண்ணில் சும்மா நீர் வடிய ஆரம்பித்தபோதுதான் மகன் பைக்கில் ஏற்றிக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கொண்டுபோனான். மூக்குக்குள் டியூப் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், ஒரு துண்டு சதையை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். கன்ன அறைப் புற்று என்று வந்தது.

எனக்கு அந்தக் கிளினிக்மீதோ பல் டாக்டர்மீதோ கோபம் வரவில்லை. கன்ன எலும்புக்குள் இருக்கும் மாக்ஸிலரி சைனஸ் ஒரு வெற்று அறை, ஏறக்குறைய பதினைந்து மில்லி காற்று கொள்ளும். அதற்குள் ஒரு கட்டி வளர்ந்தால் அறை நிறையும் வரை வெளியே தெரியாது. நிறைந்த பிறகு எந்தச் சுவரை உடைக்கிறதோ அந்தப் பக்கத்து நோயாக வேஷம் போடும். கீழே உடைத்தால் பல் வலி, உள்பக்கம் உடைத்தால் மூக்கடைப்பு, மேலே உடைத்தால் கண் கோளாறு. அதனால்தான் இந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் முற்றிய நிலையில் வந்து சேர்கிறார்கள். இருந்தாலும் ஒன்று சொல்லலாம். அடைப்பும் ரத்தமும் ஒரே பக்கமாக வாரக்கணக்கில் நின்றால் அது சாதாரண ஜலதோஷம் இல்லை. ஜலதோஷம் பெரும்பாலும் இரண்டு துவாரத்தையும் அடைக்கும். இந்த ஒரு வரியை யாராவது அவரிடம் முதல் மாதமே சொல்லியிருக்கலாம்.

பட்டறைக்கு எதிரே சாயாக்கடை. அங்கே தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. "எல்லாம் இந்தக் கருமணலுதான்" என்றார் ஒருவர். மணவாளக்குறிச்சியில் மோனசைட் எடுக்கிறார்கள், அந்த மணலில் கதிர் இருக்கிறது, கடற்கரையெல்லாம் கேன்சர். இந்தப் பேச்சை நாஞ்சில் நாட்டில் கேட்காதவர்கள் இல்லை. மணலில் தோரியம் இருப்பதும் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் இதே மாதிரி மணல் கிடக்கிற கேரளத்துக் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1990 முதல் தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கதிர் கூடுதலான வீடுகளில் புற்றுநோய் கூடுதல் என்று தெரியவரவில்லை. இதைச் சொன்னேன். சாயாக்கடை கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. ஊர்க்காரர்கள் சந்தேகப்படுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஒரு ஆய்வு அதைத் துடைத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

மரத்தூளைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. ஆனால் மூக்குக்கு அதுதான் நிரூபிக்கப்பட்ட எதிரி. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்கிற நாற்காலி செய்யும் ஊரின் தச்சர்களுக்கு மூக்குப் புற்று ஏராளமாக வருவதை அந்தப் பக்கத்து மூக்கு டாக்டர்கள் கண்டு, 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளைப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தச்சர்களுக்கு வந்தது பெரும்பாலும் மூக்கின் மேல்பகுதியில் சுரப்பித் திசுவில் வளரும் வகை. மூத்தாசாரிக்கு வந்தது கன்ன அறையின் செதிள் செல் வகை. அதனால் அவருக்குச் சிகிச்சை கொடுக்கும் டாக்டரம்மா அதையும் இதையும் முடிச்சுப் போடவில்லை. "இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். பீடியும் உண்டே" என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்கு வருகிறேன். மார்த்தாண்டத்தில் இறங்கித் திருவனந்தபுரம் வண்டி. களியக்காவிளை தாண்டியதும் போர்டுகள் மலையாளத்துக்கு மாறும், பேச்சு முழுதாக மாறாது. அந்த வண்டியில் யார் யார் மெடிக்கல் காலேஜில் இறங்கப்போகிறவர்கள் என்று ஏறும்போதே சொல்லிவிடலாம். மடியில் எக்ஸ்ரே கவர், தலையில் சுற்றிய துண்டு, யாரோடும் பேசாத மகள். 1981-ல் வட்டாரப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி. தொடங்கியதிலிருந்து குமரி மாவட்டத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அந்த மூன்றெழுத்து தெரியும். "ஆர்.சி.சி.க்குப் போயிருக்காவ" என்றால் வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள். மூத்தாசாரியின் ஆஸ்பத்திரி வேறு. ஆனால் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்து வழியனுப்பினார், ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி.

கதிர்வீச்சு அறை தரைக்குக் கீழே இருக்கிறது. சுவரில் ஒரு ரேக் நிறைய முகங்கள். வெள்ளை வலை போட்ட பிளாஸ்டிக் முகங்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் பேப்பர் ஒட்டி நம்பர். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, ஆள் முகத்தில் வைத்து அழுத்தி, ஆறவைத்து எடுத்த அச்சு. தினமும் அதே அச்சை முகத்தில் வைத்து மேசையோடு திருகிவிடுவார்கள். தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது, ஏனென்றால் கட்டிக்கும் கண் நரம்புக்கும் இடையில் அவ்வளவுதான் இடைவெளி. கட்டிக்கு மொத்தம் 70 கிரே கொடுக்க வேண்டும், நாளுக்கு 2 கிரே, முப்பத்தைந்து நாள். கண் நரம்பு 54, 55 கிரேக்கு மேல் தாங்காது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் கதிர்களை வளைத்து நெளித்து விடுவதுதான் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் இயற்பியல் பெண்ணின் வேலை. திரையில் அவர் வரைந்த கோடுகள் கடல் ஆழ வரைபடம் மாதிரி இருந்தன.

"வாசக்காலுக்குச் சட்டம் பொருத்துறது மாதிரிதான்" என்றார் மூத்தாசாரி, அச்சை எடுத்து உள்பக்கம் தடவிப் பார்த்து. "நல்ல வேலை. ஒரு பிசிறு இல்ல." உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. பத்து நிமிடத்தில் வெளியே வந்தபோது நெற்றியிலும் மூக்கிலும் வலையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பதினொன்று முடிந்தது.

இவருக்கு ஏன் கத்தி வைக்கவில்லை என்று கேட்டேன். டாக்டரம்மா தக்கலைக்காரர். பேனாவை எடுத்துத் தன் கண்ணின் உள் முனையில் ஒரு நுனியையும் தாடையின் மூலையில் மறு நுனியையும் வைத்துக் காட்டினார். சுவீடன் நாட்டு மருத்துவர் ஓங்ரென் 1933-ல் சொன்ன கோடு இது. கோட்டுக்குக் கீழேயும் முன்னாலும் உள்ள கட்டி நல்ல கட்டி, வெட்டி எடுக்கலாம். கோட்டுக்கு மேலேயும் பின்னாலும் போனது மோசமான கட்டி. கண்ணுக்கும் மூளைக்கும் கிட்டே. மூத்தாசாரியின் கட்டி கோட்டைத் தாண்டியிருந்தது. அறுவை என்றால் மேல்தாடையும் அண்ணத்தில் பாதியும் போகும், இடது கண்ணையும் எடுக்க வேண்டி வரலாம். உலகம் முழுக்க முதல் வழி இன்றைக்கும் அறுவையும் அதற்குப் பிறகு கதிர்வீச்சும்தான். அதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னார்கள். "கண்ணு போனா உளி பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது ஜப்பான் முறையைப் பற்றிச் சொன்னார்கள்.

ஜப்பான் முறை என்பது நான் வைத்த பெயர். அவர்கள் சொல்வது தமனி வழி மருந்து. சிஸ்பிளாட்டின் என்கிற பிளாட்டினம் மருந்தைக் கை நரம்பில் ஏற்றினால் அது உடம்பெல்லாம் சுற்றி, கட்டிக்குப் போய்ச் சேரும்போது நீர்த்துப்போகும். அதையே கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் தமனிக்குள் நேராக விட்டால் கட்டி முதல் மிடறாகக் குடிக்கும். கூடவே கதிர்வீச்சும் நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று கூர்தீட்டும். வழக்கமான முறையில் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை. ஜப்பானில் அதே அளவை வாரம் ஒருமுறை, ஏழு முறை வரை தமனியில் கொடுக்கிறார்கள்.

இதை மூத்தாசாரி எனக்கு விளக்கிய விதம் டாக்டர் சொன்னதைவிட நன்றாகப் புரிந்தது. "தொடைல ஏறணும். அது நம்ம பட்டணம். நேர மேல போனா கழுத்து. அது மார்த்தாண்டம். அங்க ரெண்டு வண்டி நிக்கும். ஒண்ணு மூளைக்கு, ஒண்ணு மூஞ்சிக்கு. மூளை வண்டில தெரியாம ஏறிட்டா தீந்துது. மூஞ்சி வண்டில ஏறி, கன்னத்துல எறங்கணும்."

நடுவில் செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. நெய்யூர் போய்வந்தேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம் இருக்கும், திங்கள்சந்தை பக்கம். 1838-ல் லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய ஆஸ்பத்திரி. இப்போது சி.எஸ்.ஐ. நடத்துகிறது, பக்கத்திலேயே புற்றுநோய்ப் பிரிவும் இருக்கிறது. இந்த இடத்துக்கு நான் போனதற்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி டபிள்யூ. சி. பென்டால் 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். நெய்யூரில் வேலை பார்த்தவர். வெற்றிலை மெல்லுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி இங்கிருந்த ஐ. எம். ஓர் 1933-ல் லான்செட்டில் எழுதியது இன்றும் மேற்கோளாக வருகிறது. ஓங்ரென் சுவீடனில் கோடு போட்ட அதே வருடம்! முகத்துப் புற்றை உலகத்துக்கு எழுதிக் காட்டிய ஊர்களில் ஒன்று நம் திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் பள்ளிப் புத்தகங்களில் இதை நான் பார்த்ததில்லை.

அங்கே அறுவை செய்த இன்னொருவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்ற வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு திரும்பி வந்து தங்கிவிட்டார். 1924 ஜூனில் மறுபடி எவரெஸ்ட் ஏறி, பிராணவாயு சிலிண்டர் இல்லாமல் எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் போய், இறங்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்து மூச்சு நின்றது. நெஞ்சைக் கையால் அமுக்கிக் கடைசி முயற்சியாக இருமினார். குளிரில் கருகிய தொண்டைச் சவ்வே கழன்று வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகு இரண்டு பத்தாண்டுகள் நெய்யூரில் மற்றவர்களின் தொண்டையையும் வாயையும் வெட்டிச் சரிசெய்தவர் அவர். மூத்தாசாரிக்கு இதைப் பின்னால் சொன்னேன். "எனக்க பாட்டிக்கு முழையை எடுத்தது ஒரு வெள்ளக்கார டாக்டர்ணு சொல்லுவாவ" என்றார். அவரேதானா என்று யாருக்குத் தெரியும்.

வியாழன். காலை எட்டு மணி. மூத்தாசாரி இரவு முழுக்க சலைன் ஏறிக்கொண்டு படுத்திருந்தார். சிஸ்பிளாட்டினுக்குப் பிடிக்காத உறுப்பு சிறுநீரகம், அதனால் முன்கூட்டியே தண்ணீர் ஏற்றுகிறார்கள். நான் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். அங்கியின் கனத்தில் பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. உள்ளே இருந்தவர்கள் அதை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார்கள்.

ஆள் முழு விழிப்போடுதான் இருந்தார். மயக்க மருந்து வலது தொடை மடிப்பில் மட்டும். அங்கே ஊசி குத்தி, ஊசி வழியாகக் கம்பி, கம்பி மேலேறிக் குழாய். 1953-ல் செல்டிங்கர் என்ற சுவீடன்காரர் கண்டுபிடித்த உபாயம். இதயக் குழாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. குழாய் வயிற்றைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, பெருந்தமனியின் வளைவில் திரும்பிக் கழுத்துக்குள் ஏறுவதைத் திரையில் பார்த்தேன். ஒரு கறுப்பு நூல். கழுத்தில் மூத்தாசாரியின் மார்த்தாண்டம் வந்தது. ரேடியாலஜிஸ்ட் கோட்டயத்துக்காரர், அதிகம் பேசாதவர். குழாயை நிறுத்தினார். சாயம் ஒரு துளி விட்டார். இரண்டு கிளைகளும் ஒரு கணம் திரையில் பூத்து மறைந்தன. குழாயின் நுனியை விரல்களுக்கிடையில் உருட்டி, வெளிக்கிளைக்குள் தள்ளினார். யாரோ மூச்சை விட்ட சத்தம் கேட்டது. நானாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு பெரிய குழாய்க்குள்ளிருந்து ஒரு சின்னக் குழாய் புறப்பட்டது. முக்கால் மில்லிமீட்டர் கனம். வெளிக் கழுத்துத் தமனியிலிருந்து பிரியும் மாக்ஸிலரி தமனிக்குள் அது போக வேண்டும். அந்தத் தமனி தாடை எலும்புக்குப் பின்னால் மறைந்து நெளிந்து போகிறது. மூன்று தடவை முயன்றார். ஒவ்வொரு தடவையும் நுனி நெளிவில் முட்டி நின்றது. நான்காவது தடவை போயிற்று. சாயம் விட்டபோது இடது கன்னத்துக்குள் திரையில் ஒரு கறை பரவியது, வெற்றிலைச் சாறு வெள்ளை வேட்டியில் பரவுகிற மாதிரி. அதுதான் கட்டி. கட்டியை முதன்முதலாக அப்போதுதான் நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

"கன்னம் சுடுதா?"

"சுடுது சாரே. சாயா குடிச்ச மாதிரி."

சாயம் உள்ளே போனால் அப்படித்தான் இருக்கும். அந்தக் கறை கட்டியின் முழு எல்லையையும் தொடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். மருந்தும் அதே இடத்துக்குத்தான் போகும். கறை கட்டியின் மேல் ஓரத்தைத் தொடவில்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் அந்தக் கொஞ்சத்துக்கு ரத்தம் வருவது கண் தமனியின் கிளையிலிருந்து, அதாவது மூளை வண்டியிலிருந்து. அதற்குள் மருந்து விட்டால் கண்ணே போகலாம், பக்கவாதமும் வரலாம். விடமாட்டோம் என்றார் ரேடியாலஜிஸ்ட். அந்த ஓரத்தைக் கதிர்வீச்சுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. எனக்கு ஒளிவில்லாமல் காட்டினார்கள்.

மருந்து ஏறத் தொடங்கியதும் இன்னொரு நர்ஸ் கை நரம்பில் வேறொரு பாட்டிலைத் திறந்தார். சோடியம் தயோசல்ஃபேட். பெயரைக் கேட்டதும் எனக்கு நாகர்கோவிலில் என் மாமா வைத்திருந்த ஸ்டுடியோவின் இருட்டறை ஞாபகம் வந்தது. ஃபோட்டோக்காரர்கள் 'ஹைப்போ' என்பார்களே, படத்தை நிலைநிறுத்த ஊறவைக்கும் உப்பு. அதேதான். வெள்ளிச் சேர்மத்தைக் கரைக்கும் அந்த உப்பு பிளாட்டினத்தையும் கட்டிப்போடுகிறது. கட்டியைக் கடந்து உடம்புக்குள் வழிந்து வரும் மருந்தை வழியிலேயே பிடித்துச் செயலிழக்கச் செய்யும். இவ்வளவு மருந்தை வாராவாரம் கொடுத்தும் ஆள் எழுந்து நடப்பது இந்த ஹைப்போவால்தான். இந்தச் சேர்க்கையை அமெரிக்காவில் தாமஸ் ராபின்ஸ் 1990-களில் முறைப்படுத்தி, சதுர மீட்டருக்கு 150 மில்லிகிராம் வீதம் வாரம் ஒன்றாக நான்கு வாரம் கொடுத்தார்.

மருந்து ஏறும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பரீட்சை நடந்தது. கையை இறுக்குங்கள். கண்ணை மூடுங்கள். பெயர் என்ன? சிரியுங்கள். முகத்து நரம்புக்கு மருந்து தவறிப் போனால் வாய் கோணும், அதைப் பார்க்கத்தான் சிரிக்கச் சொல்வது. மூத்தாசாரி சிரிக்கவில்லை. நர்ஸ் மறுபடி கேட்டார். "சிரிக்கதுக்கு ஏதாவது சொல்லுங்க பிள்ளே" என்றார். அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வாய் கோணவில்லை.

மருந்தில் ஒரு பங்கை மாக்ஸிலரியில் விட்டபின், குழாயைப் பின்னால் இழுத்து, மீதியை முகத் தமனியில் விட்டார்கள். கட்டியின் கீழ்ப்பக்கத்துக்கு அங்கிருந்தும் ரத்தம் வருகிறது. பிறகு எல்லாவற்றையும் உருவி எடுத்து, தொடையில் இருபது நிமிடம் கையால் அழுத்திப் பிடித்தார் ஒரு பையன். அவன் செய்ததுதான் அன்றைக்கு மிகக் கடினமான வேலை என்று எனக்குத் தோன்றியது.

புதிய சிகிச்சையைப் பற்றி எழுதும்போது இதுதான் தீர்வு என்று எழுதிவிடத் தோன்றும். டாக்டரம்மா என்னை அந்த ஆசையிலிருந்து காப்பாற்றினார். யோசனை ஒன்றும் புதிது இல்லை. 1950-லேயே கால்வின் க்ளாப் என்ற அமெரிக்கர் தமனியில் நைட்ரஜன் மஸ்டர்ட் விட்டுப் பார்த்தார். 1970-ல் ஜப்பானின் சாட்டோ குழு சைனஸ் புற்றுக்கு அறுவை, கதிர், தமனி மருந்து மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்து எழுதியது. முகத்தை முழுதாக வெட்டாமல் தப்பிக்க முடியுமா என்ற கேள்வி அவர்களிடம் அன்றே இருந்தது. ஆனால் 2010-ல் நெதர்லாந்தில் 239 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்குத் தமனியிலும் பாதிப் பேருக்கு நரம்பிலும் கொடுத்துப் பார்த்தபோது உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. சிறுநீரகத்துக்கு மட்டும் தமனி வழி இதம். அவர்கள் எல்லோரும் வாய், தொண்டைப் புற்றுக்காரர்கள். அங்கே கட்டி நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு பக்கத் தமனியிலும் குடிக்கும். கன்ன அறைக் கட்டி ஒரே பக்கம். முக்கியமாக ஒரே தமனி. அதனால் இதற்குப் பொருந்தும் என்பது ஜப்பான்காரர்களின் வாதம். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஹொம்மா முன்னின்று, பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து, முற்றிய கன்ன அறைப் புற்றுக்கென்றே ஒரு சோதனை நடத்தினார்கள். அதே 70 கிரே, அதே வாரம் 100 மில்லிகிராம்.

"எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இருக்கிறது" என்றார் டாக்டரம்மா. "ஆனா எல்லாருக்கும் இதைச் செய்யமாட்டேன். கையில இந்த ரேடியாலஜிஸ்ட் இல்லைன்னா ஒருத்தருக்குமே செய்யமாட்டேன். வெட்டி எடுக்க முடிஞ்ச கட்டியை வெட்டணும்." என்னைப் பொறுத்தவரை அவர் சொன்னவற்றில் நடுவிலுள்ள வாக்கியம்தான் முக்கியமானது. நான்காவது தடவை நெளிவைத் தாண்டிய அந்த விரல்களைப் பார்த்த பிறகு, இந்தச் சிகிச்சை மருந்துக் கம்பெனி விற்கக்கூடிய சரக்கு இல்லை என்று புரிந்தது. ஒரு மூத்தாசாரியின் கைவேலை இது. பழகினவர் கையில்தான் நிற்கும்.

மதியத்துக்கு மேல் வார்டு. வலது காலை மடக்காமல் ஆறு மணி நேரம் நீட்டிப் படுக்க வேண்டும். இரண்டு தடவை வாந்தி. வாய்க்குள் புண் தொடங்கியிருந்தது. மனைவி ஃபிளாஸ்க் கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் கொடுத்தார். மூன்று ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. "நாள பாப்பம்" என்று மூடினார். நான்கு மணிக்கு ஸ்ட்ரெச்சரிலேயே கீழே கொண்டுபோய் முக அச்சைத் திருகி அன்றைய கதிரையும் கொடுத்தார்கள். பதினான்கு. வலது காதில் ரயில் போகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றார். நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, காதுப் பரிசோதனைக்குச் சீட்டுப் போட்டார். பிளாட்டினத்துக்குக் காதும் பிடிக்காது.

சனிக்கிழமை அவரைப் பட்டறையில் பார்த்தேன். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் ஒரு கட்டில் காலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான். "லேய், துணியைக் கெட்டுல" என்று அவர் மூன்றாவது முறை அதட்டிய பிறகு மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டினான். இடது மூக்கில் ஒரு நூல் அளவுக்குக் காற்று போவதாகச் சொன்னார். சோதித்துக் காட்ட வலது மூக்கைப் பொத்திக்கொண்டு இழுத்தார். ஒரு சின்ன விசில் கேட்டது. அயனிச் சீவல் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மணம் உண்டா?"

உண்டு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் சுவர்ப் பலகையில் பென்சில் கோடுகள். முப்பத்தைந்து. பதினைந்தைக் குறுக்கே வெட்டியிருந்தார். ஐந்து கோட்டுக்கு ஒன்று நீளம் கூட. அவை வியாழக்கிழமைகள். மூன்றை வெட்டியாயிற்று. திங்களன்று ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினைன் பார்த்த பிறகுதான் நான்காவது உண்டா என்று டாக்டரம்மா சொல்வார். அதனால் அந்தக் கோட்டின் தலையில் மட்டும் ஒரு புள்ளி வைத்து, பென்சிலைக் காதுக்கு மேல் செருகியிருந்தார்.